அடுத்த வாரம் பேய் என்ன செய்யும்?

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் ரஸ்தாவில் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் கழுகுமலையில், சில தினங்களுக்கு முன், பஸ்ஸுக்காக ஒரு டீக்கடைப் பெஞ்சியில் நாம் சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க நேரிட்டது. அங்கு நாலைந்து பேர் கூடி வெகு மும்முரமாய் ஒரு தர்க்கம் நடத்திக் கொண்டிருந்தார்கள். கரிசல்காட்டில் மழை தவறியதைப் பற்றியோ, பருத்தி விலை போகாததைப் பற்றியோ, தீப்பெட்டி ஆபீஸில் வேலை குறைந்து போனதைப் பற்றியோ பேசிக் கொள்ளுகிறார்கள் என்றுதான் நாம் முதலில் நினைத்தோம். கவனித்துக் கேட்டதில் விஷயம் அதுவல்லவென்று தெரிந்தது. டெலிவிஷன் கதையில் வரும் ஒரு பேய் அடுத்தபடியாக என்ன செய்யப் போகின்றது என்பதுதான் தர்க்கம்!

கதையும் புதியதல்ல. மர்மதேசம் என்ற பொதுப் பெயரில் 1990-களில் வாராவாரம் வந்த தொடர்களில் ஒன்றாகிய 'விடாது கருப்பு' என்பதேயாகும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா டைரக்ட் செய்து, கே. பாலசந்தரின் ஸ்தாபனம் தயாரித்த அத்தொடர் 1997-ல் சன் டெலிவிஷனில் வந்தது. ஒரு கிராமம், அக்கிராமத்துக்குக் காவல் கருப்பசாமி, தப்புச் செய்தவனைச் சாமியே குதிரையேறி வந்து தண்டித்துவிடும் என்பது ஊராருடைய நம்பிக்கை. வரிசையாக ஆட்கள் சாகின்றார்கள். சாகடிப்பது சாமியா, ஆசாமியா? இதுதான் கதையின் முடிச்சு. அந்த நாளில் ஒரு வாரத்துக் கதை முடிந்து மறு வாரத்துக் கதை வருகிற வரையில் திண்ணையிலும், கிணற்றடியிலும், பள்ளிக்கூடத்து மரத்தடியிலும் 'கருப்பு யார்?' என்பதே பேச்சாயிருந்ததை வயது வந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இப்பொழுது அதை வாலிபர்கள் கைபேசியில் போட்டுப் பார்க்கின்றார்கள். முடிவு தெரிந்த பெரியவர்கள் வாயைத் திறவாமல் சிரித்துக் கொள்ளுகின்றார்கள்.

நாம் கேட்ட தர்க்கம் வருமாறு: ஒரு வாலிபர், "சாமிதான், வேறு யாருமில்லை" என்றார். மற்றொருவர், "சொத்துத் தகராறு இருக்கிற வீட்டிலே சாமி எதுக்குப்பா? பங்காளிகளைப் பாரு" என்றார். மூன்றாமவர், "ஒவ்வொரு ஆளு சாகிறப்பவும் யார் யார் எங்கே இருந்தாங்கன்னு ஒரு தாளிலே எழுதிப் பார்த்தா விளங்கிப் போகும்" என்றார். இவர்களையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்த ஒரு பெரியவர் கடைசியாக ஒரு கேள்வி போட்டார்: "அண்ணாச்சி, சாமின்னா அது ஏன் ராத்திரியிலே மட்டும் வரணும்? ஆளில்லாத இடத்திலே மட்டும் ஏன் வரணும்? பட்டப்பகல்லே பஜார்லே வந்து தண்டிச்சா யாரு கேக்கப் போறா?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் நமக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. ஏனென்றால், சுயமரியாதைக்காரர்கள் ஊர் ஊராய்ப் போய்க் கல்லடியும் சாணியடியும் பட்டு எந்தக் கேள்வியைக் கேட்கும்படி ஜனங்களை வேண்டிக் கொண்டார்களோ, அந்தக் கேள்வியை ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே ஒரு கிராமத்துச் சம்சாரி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு கேட்கின்றார். எல்லாம் தெரிந்த சாமிக்கு இருட்டின் ஒத்தாசை எதற்கு? எல்லாம் வல்ல சாமிக்கு மறைவிடம் எதற்கு? இதைவிடப் பெரிய பகுத்தறிவுப் பிரசங்கத்தை நாம் மேடை போட்டுச் செய்துவிட முடியுமா?

ஆனால் நமது சந்தோஷம் வெகு நேரம் நிலைக்கவில்லை. அதே பெரியவர் பேச்சோடு பேச்சாகத் தமது வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொன்னார். மருமகள் பிள்ளை பெற்று இரண்டு மாதமாகின்றதாம். சரியாய்ச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பிள்ளையை எடுப்பதில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு கண்ணீர் விடுகின்றதாம். "காத்து கருப்பு அண்டியிருக்கு. வெள்ளிக்கிழமை கோடாங்கிகிட்டே கூட்டிட்டுப் போகணும்" என்றார். அவருடைய மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்று இருந்ததையும் அப்பொழுதுதான் பார்த்தோம்.

டெலிவிஷனில் வரும் கருப்பை நம்பாமல் அவ்வளவு கூர்மையான கேள்வி கேட்ட மனிதர், தம் வீட்டுப் பெண்ணைப் பிடித்ததாய்ச் சொல்லப்படும் கருப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதைக் கண்டுதான் இவ்வாரம் இவ்விஷயத்தை எழுதத் துணிந்தோம். ஒரு மனிதனுக்கு இரண்டு புத்தியா? கதைக்கு ஒரு புத்தி, காரியத்துக்கு ஒரு புத்தியா?

ஒருவேளை சிலர், "கதை பார்க்கிறவர்களைக் கெடுக்க வேண்டாம், அது பொழுதுபோக்கு" என்று சொல்லலாம். நாம் கதைக்கு விரோதிகளல்ல. பேய்க் கதைக்குக் கூட விரோதிகளல்ல. இந்தக் கரிசல் சீமையிலேயே, கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் 1923-ல் பிறந்து 2021-ல் மறைந்த கி. ராஜநாராயணன் அவர்கள் ஜனங்கள் வாய்வழியாய்ச் சொல்லி வந்த நாடோடிக் கதைகளை ஊர் ஊராய்த் தேடிச் சேகரித்து அச்சில் ஏற்றினார். களத்துமேட்டில் நிலா வெளிச்சத்தில் பாட்டி பேய்க்கதை சொன்னால் பிள்ளைகள் பயந்து ஒட்டிக் கொள்ளும். கதை முடிந்ததும் சிரித்துக்கொண்டு எழுந்து போகும். கதை சொன்ன பாட்டி அதற்காகக் காணிக்கை கேட்டதில்லை; தாயத்து விற்றதில்லை; மறுநாள் யாரையும் வேப்பிலையால் அடித்ததுமில்லை. ஆகவே கதை வேறு, புரட்டு வேறு என்பது நமக்குத் தெரியும்.

அதுமாத்திரமல்ல, கதையின் முடிவை ஊகிக்கும் இந்தப் பழக்கம் மிகவும் நல்ல பழக்கம் என்றே நாம் சொல்லுவோம். 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' வந்த காலத்தில், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தமிழ்நாட்டு வீடுகளில் நடந்த விவாதம் கொஞ்சமல்ல. கதை முடிந்து எத்தனையோ வருஷமான பிறகும் அது ஓயவில்லை. 2022-லும் 2023-லும் அது படமாக வந்தபோது மறுபடியும் பற்றிக் கொண்டது. இப்படி ஊகிக்கின்றவன் என்ன செய்கின்றான் என்பதைக் கவனியுங்கள். முதலில் சாட்சியங்களைச் சேர்க்கின்றான். பிறகு ஓர் அபிப்பிராயம் சொல்லுகின்றான். மறு வாரம் வரும் கதை அந்த அபிப்பிராயத்துக்கு விரோதமாயிருந்தால், "நான் நினைத்தது தப்பு" என்று வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டு வேறு அபிப்பிராயத்துக்கு வருகின்றான். யாருடைய ஊகம் சரி என்பதை ஜாதியைக் கொண்டோ, வயதைக் கொண்டோ, படிப்பைக் கொண்டோ அங்கு யாரும் தீர்மானிப்பதில்லை. சாட்சியத்தைக் கொண்டே தீர்மானிக்கின்றார்கள். பகுத்தறிவு என்று நாம் சொல்லுவது இதைத் தவிர வேறென்ன?

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். இந்த நேயர்கள் பேயைக் கூடச் சட்டத்துக்குக் கட்டுப்படுத்துகின்றார்கள். நேற்றுப் பூட்டிய கதவுக்குள் புக முடியாமல் நின்ற பேய் இன்று சுவருக்குள் புகுந்து வந்தால், "இதென்ன கதை! நேற்று ஏன் வரவில்லை?" என்று கோபித்துக் கொள்ளுகின்றார்கள். விபூதிக்குப் பயந்த பேய் மறு வாரம் விபூதியை மிதித்தால், கதை எழுதுகிறவர் மறந்து விட்டார் என்று சிரிக்கின்றார்கள். ஏன்? எதையும் எப்படியும் செய்யக்கூடிய ஒன்றைப் பற்றி ஊகிக்கவே முடியாது. ஒழுங்கு இருந்தால்தான் ஊகத்துக்கு இடமுண்டு. ஆகப் பேய்க்கதை ரசிகன் தன்னையறியாமலே, உலகம் ஓர் ஒழுங்கின்படி நடக்கின்றது, காரணமில்லாமல் காரியமில்லை என்ற விஞ்ஞான சித்தாந்தத்தை ஒப்புக் கொள்ளுகின்றான்.

அப்படியிருந்தும், பேய்த் தொடர்களின் போக்கு ஏன் பிடிபடுவதில்லை என்று கேட்கலாம். அதற்குப் பேய் காரணமல்ல, வியாபாரம் காரணம். எந்தத் தொடரை எத்தனை பேர் பார்க்கின்றார்கள் என்பதைக் குறிப்பிட்ட சில வீடுகளில் கருவி பொருத்திக் கணக்கெடுத்து வாராவாரம் வெளியிடுகின்றார்கள். அக்கணக்கு உயர்ந்தால் விளம்பர வரும்படி உயரும். இறங்கினால் தொடருக்கே ஆபத்து. ஆகவே கணக்கு ஏறும் வரையில் பேய் சாகாது. இறங்கினால் செத்தவன் பிழைப்பான், பிழைத்தவன் பாம்பாவான். 2015-ல் இந்தியில் ஆரம்பித்த 'நாகினி' தமிழிலும் பேச வைக்கப்பட்டு வந்தது. அதன் பிறகு 2017, 2018-ல் சன் டெலிவிஷனில் வந்த 'நந்தினி' பாம்பையும் பேயையும் ஒரே வீட்டில் குடிவைத்தது. ஒன்று ஜெயித்தால் அதே சரக்கு பத்துக் கடையில் வரும் என்பது வியாபார முறை. இதையும் நமது ஜனங்கள் நன்றாய் அறிவார்கள். "கூட்டம் குறைஞ்சிருச்சு போல, அதான் புதுசா ஒரு பேயை இறக்கியிருக்கான்" என்று அந்த டீக்கடையிலேயே ஒருவர் சொன்னார்.

அப்படியானால் நாம் கேட்கின்றோம்: டெலிவிஷன் பேய்க்குப் பின்னால் ஒரு கதாசிரியன் இருக்கின்றான், அவனுக்கு ஒரு வரும்படி இருக்கின்றது என்று கண்டுபிடித்த நீங்கள், உங்கள் வீட்டுப் பேய்க்குப் பின்னால் இருக்கின்ற கதாசிரியனையும் அவனுடைய வரும்படியையும் ஏன் கண்டுபிடிப்பதில்லை? கோடாங்கி உடுக்கையடித்து ஒரு பேய்க்குப் பெயர் வைக்கின்றான். அது எந்தப் புளியமரத்தில் இருந்தது, எப்படிச் செத்தது என்று கதை சொல்லுகின்றான். மூன்று வெள்ளிக்கிழமை வர வேண்டுமென்று தொடர் போடுகின்றான். சேவலும் எலுமிச்சம்பழமும் தட்சிணையும் வாங்குகின்றான். மூன்று வாரத்தில் போகாவிட்டால், "இது சாதாரணப் பேயல்ல, ஏவிவிட்டது" என்று கதையை நீட்டுகின்றான். டெலிவிஷன்காரனாவது கதை ஆரம்பிக்கும்போதே "இதில் வருபவை யாவும் கற்பனையே" என்று எழுத்தில் காட்டிவிடுகின்றான். கோடாங்கிக்கு அந்த யோக்கியப் பொறுப்பாவது உண்டா?

கதை கட்டுவது இவர்களோடு போகவுமில்லை. கழுகுமலைக்காரர்களுக்கு அவர்கள் மலையே அதற்குச் சாட்சி. அங்குள்ள வெட்டுவான் கோவில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்யப்பட்டது. பாண்டியர் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டதென்பது ஆராய்ச்சிக்காரர் முடிவு. மேலே விமானத்தில் அற்புதமான வேலை. கீழே வேலை முடியாமல் பாதியில் நின்றுவிட்டது. முடியாத வேலையைப் பார்த்ததும் ஜனங்களுக்குச் சும்மாயிருக்க முடியவில்லை. தகப்பன் சிற்பி, மகன் சிற்பியின் திறமையைக் கண்டு பொறாமைப்பட்டு அவனைக் கொன்றுவிட்டான், அதனால் வேலை நின்றது என்று ஒரு கதையைக் கட்டினார்கள். அரசன் மாறியிருக்கலாம், பணம் நின்றிருக்கலாம், சண்டை வந்திருக்கலாம் என்ற சாதாரணக் காரணங்களில் ருசி இல்லை. கொலை என்றால் ருசியாயிருக்கின்றது!

ஆனால் அதே மலையில், அந்தக் கோவிலுக்கு வெகு சமீபத்தில், சமணர்கள் பாறையில் வரிசை வரிசையாய்ச் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் இன்னார் செய்வித்தது என்று பெயர்கள் பொறித்திருக்கின்றன. அவற்றில் குரத்தியர் என்று வழங்கப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. எழுத்து இருக்கின்ற இடத்தில் மனிதனும் மனுஷியும் நிற்கின்றார்கள். எழுத்து இல்லாத இடத்தில் கட்டுக்கதை புகுந்து விடுகின்றது. இதுதான் எல்லாப் புராணங்களுக்கும் பிறப்பிடம். தெரியாததைத் தெரியாதென்று விட்டுவைக்கப் பொறுமையில்லாமல் அந்த ஓட்டையில் கதையை அடைப்பது கதை அளவில் குற்றமல்ல. அந்தக் கதையின் பேரில் வைத்தியம் செய்ய ஆரம்பித்தால்தான் உயிர் போகின்றது.

உயிர் போவதற்கு உதாரணம் பாம்பே போதும். டெலிவிஷனில் பாம்பு பெண்ணாகின்றது, புருஷனைக் கொன்றவனைப் பழிவாங்க வருஷக்கணக்காய்க் காத்திருக்கின்றது, பால் குடிக்கின்றது. நிஜமான பாம்போ பாலை ஆகாரமாகக் கொண்டதல்ல. அதற்கு வஞ்சமும் கிடையாது. மிதித்தால் கடிக்கும், அவ்வளவுதான். மிதிபடும் இடம் பங்களா அல்ல, கரிசல்காடு. மிதிக்கின்றவர் கதாநாயகனல்ல, களையெடுக்கப் போன கூலிப்பெண். 2000 முதல் 2019 வரையிலான 20 வருஷத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கின்றது. அதில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல் பாம்புக்கடியைக் கவனிப்பாரற்றுப் போன நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ல், பாம்புக்கடி வந்தால் ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டுமென்று உத்தரவு போட்டது.

இவ்வளவு சாவுக்கும் நடுவே விஷக்கடி மந்திரவாதியின் கீர்த்தி மாத்திரம் குறையவில்லையே, அது எப்படி? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆளைக் கொல்லும் விஷம் இல்லை. விஷப்பாம்பும் கடித்த ஒவ்வொரு தடவையும் விஷத்தை இறக்கிவிடுவதில்லை. ஆகவே மந்திரவாதியிடம் போனவர்களில் அனேகர் போகாமலே இருந்தாலும் பிழைத்திருப்பார்கள். பிழைத்தவன் ஊரெல்லாம் போய் மந்திரவாதியின் புகழைச் சொல்லுகின்றான். செத்தவன் வாய் திறப்பதில்லை. அவனுக்காகச் சொல்லுவதற்கும், "விதி முடிந்தது" என்று மந்திரவாதி ஒரு வரியைத் தயாராய் வைத்திருக்கின்றான். சீரியலில் ஊகம் தப்பினால் ஒப்புக் கொள்ளுகின்றோம். இங்கு மந்திரவாதியின் ஊகம் தப்பவே முடியாதபடி அல்லவா ஏற்பாடு! தப்பவே முடியாத ஊகம் ஊகமல்ல, மோசடி என்பதை வாசகர்கள் மனதில் வைக்க வேண்டும்.

பாம்புக்கடிக்கு உள்ள ஒரே மருந்து விஷமுறிவு மருந்துதான். அது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்யப்படுகின்றது. மாமல்லபுரம் போகும் வழியிலுள்ள வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, பிறகு பாம்பைக் காட்டில் விட்டுவிடுகின்றார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்து மருந்தாக்குகின்றார்கள். கருப்பசாமி ஏறி வரும் வெள்ளைக் குதிரை யாரைக் காப்பாற்றியதோ, நமக்குக் கண்டவர் சாட்சியில்லை. இந்தக் குதிரை காப்பாற்றிய உயிர்களுக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பெயரும் தேதியும் இருக்கின்றது. அங்கு அந்த மருந்துக்குக் காசும் இல்லை. கடித்த இடத்தைக் கீறாமல், உறிஞ்சாமல், இறுகக் கட்டாமல், ஆளை நடக்கவிடாமல் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது ஒன்றுதான் செய்யத்தக்கது.

இந்த மருந்தை முதன்முதல் பிரான்சு தேசத்து டாக்டர் கால்மெட் செய்து முடித்தது 1890-களில். அதே பத்து வருஷத்தில்தான், 1895-ல், இதே கழுகுமலையில் பங்குனித் தேர் எந்தத் தெருவில் யார் வழியாகப் போவது என்பதற்காகக் கலகம் மூண்டு, மனிதனை மனிதன் கொன்றான். அங்கே ஒருவன் முன்பின் தெரியாத ஜனங்களின் உயிரைக் காக்க இராப்பகலாய்ப் பாடுபட்டான். இங்கே பக்கத்துத் தெருக்காரனின் உயிரைத் தேருக்காகப் பறித்தோம். இதில் நாம் யாரையும் பழித்துப் பேச வரவில்லை. புத்தியை எந்தப் பக்கம் செலவிட்டால் என்ன லாபம் என்ற கணக்கை மாத்திரம் காட்டினோம்.

இனிப் பெண்கள் சங்கதிக்கு வருவோம். டெலிவிஷனிலும் சினிமாவிலும் வரும் பேய்களில் பெரும்பாலானவை பெண் பேய்களாகவே இருப்பது ஏன் என்று நேயர்கள் யோசித்ததுண்டா? கதை எப்பொழுதும் ஒன்றேதான். ஓர் ஏழைப்பெண்ணை ஒருவன் கெடுக்கின்றான், கொல்லுகின்றான்; போலீசுமில்லை, கோர்ட்டுமில்லை, ஊருமில்லை. செத்த பிறகு அவள் பேயாய் வந்து நியாயம் வாங்குகின்றாள். பார்க்கிறவர்கள் கைதட்டுகின்றார்கள். உயிரோடிருக்கும் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க வழியில்லை, செத்தால்தான் கிடைக்கும் என்பதை நமது சமூகம் தன் வாயாலேயே ஒப்புக் கொள்ளுகின்றது என்பதல்லவா இதற்கு அர்த்தம்? வீட்டிலும் இதே கதைதான். மாமியார் முன் வாய் திறக்க முடியாத மருமகள், பேய் பிடித்தால் மாத்திரம் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏசலாம். பசிக்கு வேண்டியதைக் கேட்கலாம். புருஷனை எட்ட நில் என்று சொல்லலாம். பேயாக இருந்தால்தான் பெண் பேசலாம் என்ற நிலைமையை உண்டாக்கி வைத்தவர்கள் யார்? வேப்பிலை அடி அந்தப் பெண்ணுக்கா விழ வேண்டும்?

நல்லவேளையாக, நியாயத்துக்காகப் பெண் சாக வேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை. வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்கு 2005-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கின்றது. 181 என்ற உதவி எண் இருக்கின்றது. பேயாகிப் பத்து வருஷம் காத்திருப்பதைவிட ஒரு மனு எழுதிப் போடுவது மேலல்லவா?

மனம் நோவதைப் பேய் என்று சொன்னதன் பலன் என்ன என்பதற்கு ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியை மறக்கக் கூடாது. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலம் அங்கு ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள், புத்தி சுவாதீனமில்லையென்று உறவினரால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். ஓடிப்போகாமலிருக்கச் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் வெந்து செத்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களல்ல, பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள். தர்காவின் சக்தியால் குணமாகும் என்று நம்பி விட்டவர்கள். கோவிலானாலும், தர்காவானாலும், மாதாகோவிலானாலும் சங்கிலி சங்கிலிதான், தீ தீதான். அதன் பிறகுதான் சுப்ரீம் கோர்ட் விழித்துக்கொண்டு கேட்டது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாதென்று தடுத்துவிட்டது.

இந்த இடத்தில் 'விடாது கருப்பு' கதைக்கே ஒரு நன்றி சொல்ல வேண்டும். கருப்பசாமியின் தண்டனை என்று ஊர் நம்பிய சங்கதியை, பிளவுபட்ட ஒரு மனதின் நோய் என்ற பக்கம் அக்கதை திருப்பிற்று. கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்கும்படியான உபந்நியாசமாயில்லாமல், மனநோய் என்று ஒன்று உண்டு, அதற்கு வைத்தியர் உண்டு என்பதை லட்சக்கணக்கான வீடுகளில் கதையாய்க் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் பக்கம் ஊகித்த ரசிகன் ஜெயித்தான். ஜெயித்த ஊகத்தை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனானா என்பதுதான் நமது கேள்வி.

சர்க்காருக்கும் பங்குண்டு. 1976-ல் அரசியல் சட்டத்தில் 51ஏ என்ற பிரிவைச் சேர்த்து, விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜைக்கும் கடமை என்று எழுதினார்கள். 1994-ஆம் வருஷத்துக் கேபிள் டெலிவிஷன் விதிகள், மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சிகளைப் போடக்கூடாது என்கின்றன. ஆனால் காலையில் டெலிவிஷனைத் திறந்தால் ராசிபலன், பரிகாரம், தாயத்து வியாபாரம். இரவில் திறந்தால் பேய். இதில் இரவுப் பேயைவிடக் காலைப் பலன் அபாயமானது என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில் இரவில் வருவது கதையென்று சொல்லிக்கொண்டு வருகின்றது. காலையில் வருவது உண்மையென்று சொல்லிக்கொண்டு வருகின்றது. ஆயினும் பேய்த் தொடர்களைத் தடுக்கும்படி நாம் சர்க்காரைக் கேட்கப் போவதில்லை. தடுத்துக் கெட்ட கதை எதுவும் கிடையாது. கேள்வி கேட்டுக் கெட்ட கதைதான் உண்டு.

நிற்க. அந்தப் பெரியவரிடம் நாம் சொன்னதைச் சொல்லி முடிக்கின்றோம். அவர் கருப்பசாமியைப் பற்றிக் கேட்ட கேள்வியையே திருப்பி அவரிடம் கேட்டோம். "ஐயா, அந்தக் காத்து கருப்பு ஏன் பிள்ளை பெற்ற பெண்ணாய்ப் பார்த்துப் பிடிக்கின்றது? ஊரில் இத்தனை ஆம்பிளை இருக்கின்றான், சாராயக்கடைக்காரன் இருக்கின்றான், வட்டிக்கடைக்காரன் இருக்கின்றான், அவர்களை ஏன் அண்டுவதில்லை? இரவெல்லாம் தூக்கமில்லாமல், இரத்தம் போய், புது இடத்தில் தனியே கிடக்கின்ற பெண்ணை மாத்திரம் ஏன் பிடிக்கின்றது?" என்றோம். பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு மனச்சோர்வு வருவதுண்டென்றும், நம்மைப் போன்ற நாடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தாய்க்கு மனநோவு உண்டாவதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றதென்றும், அது அந்தப் பெண்ணின் குற்றமுமல்ல, குடும்பத்தின் சாபமுமல்ல, வைத்தியத்தால் தீரக்கூடிய நோய் என்றும், அசட்டையாய் விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றும் எடுத்துச் சொன்னோம்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வாலிபர்களும் பேசவில்லை. பிறகு அவர், "ஆஸ்பத்திரியிலே இதுக்கெல்லாம் ஆளு இருக்காங்களா?" என்று கேட்டார். 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம், அவர்களே வழி சொல்லுவார்கள் என்றோம். தாளிலே எழுதிப் பார்த்தால் விளங்கும் என்று சொன்ன வாலிபர்தான் அந்த எண்ணைத் தன் கைபேசியில் குறித்துக் கொண்டார். "வெள்ளிக்கிழமைக்கு முந்தியே பேசிருவோம் சித்தப்பா" என்றும் சொன்னார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

வாசகர்களை நாம் வேண்டிக் கொள்ளுவது இவ்வளவுதான். சீரியலைப் பாருங்கள், முடிவை ஊகியுங்கள், பந்தயம் கூடக் கட்டுங்கள். ஆனால் டெலிவிஷனை அணைத்த பிறகு அறிவையும் சேர்த்து அணைத்து விடாதீர்கள். கதையில் ஆள் விழுந்தால் யார் தள்ளியது என்று கேட்கின்ற நீங்கள், வீட்டில் ஆள் விழுந்தாலும் அதையே கேளுங்கள். கதைப் பேய் அடுத்த வாரம் என்ன செய்யும் என்பது அதை எழுதுகிறவருக்குத் தெரியும். நமது வீட்டுப் பெண் அடுத்த வாரம் பிழைத்திருப்பாளா என்பது நாம் இந்த வாரம் எங்கே கூட்டிப் போகின்றோம் என்பதைப் பொறுத்திருக்கின்றது.